முதல் ஐம்பத்தெட்டு எழுத்து

ஊரிகம், கே.ஜி.எஃப்.
3 மார்ச் 2025

மகிழா,

உன் நம்பரை நான்தான் பிளாக் பண்ணேன். அக்கா போன் கெட்டுப்போச்சான்னு அம்மாகிட்ட கேட்டியாமே, ஒண்ணும் கெடல. உன் குரலைக் கேட்டா கத்திடுவேன். கத்தினா நைனா எழுந்து வந்து இன்னா ஏதுன்னு விசாரிப்பாரு. அதனாலதான் மெயில். இதுல நான் எவ்ளோ கத்தினாலும் பக்கத்து வூட்டுக்குக் கேக்காது.

இன்னிக்கிக் காலையில இன்னா ஆச்சு தெரியுமா? பெங்களூர் போறதுக்கு ஸ்டேஷன்ல மாரிக்குப்பம் வண்டிக்கு நின்னுகினு இருந்தேன். சம்பங்கி அக்கா வந்தாங்க. அதான், நமக்குப் பின்னாடி லைன் வூட்டுல இருந்துகினு தினம் ஆபீஸ் கூட்டறதுக்கு வண்டி ஏறுவாங்களே, அவங்க. பிளாட்பாரத்துல அத்தனை பேர் முன்னாடி, "நிலா, சைனைடு மேடு எப்பம்மா போவும்? காத்துக் காலம் வர்றதுக்குள்ள போயிடுமா?"ன்னு கேட்டாங்க. கிண்டல் இல்லடா. நிஜமா கேட்டாங்க. துணி காயப்போட்டா மேட்டுத் தூசி வெள்ளையா வந்து உக்காருதாம், இந்த வருஷம் அந்தத் தொல்லை இருக்காதுல்லன்னு சந்தோஷமா கேக்கறாங்க. வண்டி வந்துச்சு, தப்பிச்சேன்.

எல்லாம் உன் வாய்தான். அக்டோபர்ல ஃபேமிலி குரூப்ல போட்டியே, "அக்கா சைனைடைத் தின்ற பாக்டீரியாவைக் கண்டுபுடிச்சிட்டா"ன்னு. அம்மா அத்தப் படிச்சிட்டு விகாரையில எல்லாருக்கும் லட்டு குடுத்தாங்க. இப்ப மைசூர் மைன்ஸ்ல இருந்து ஊரிகம் வரைக்கும் நான்தான் மேட்டைக் கரைக்கப் போற பொண்ணு.

நான் கண்டுபுடிச்சது இன்னா? சுரங்கத்துல சைனைடு போட்டுத் தங்கம் பிரிச்சுட்டுக் கொட்டின அந்த மேட்டு மண்ணுல வாழற ஒரு பாக்டீரியா. அதுகிட்ட ஒரு புரோட்டீன். அது எதுக்கு இருக்குதுன்னு உலகத்துல எவனுக்கும் தெரியாது, அந்த மாதிரி இன்னொண்ணு எந்தப் பட்டியல்லயும் இல்ல. நீ உன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டு, இது சைனைடை உடைக்கிற ஒரு பெரிய குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தம்னு சொன்ன. அவ்ளோதான். அத்த நம்பி நவம்பர்ல இருந்து அந்தப் புரோட்டீனை வளர்த்து, பிரிச்சு, கொஞ்சம் சைனைடு கலந்து, மேல மஞ்சத் தாளைத் தொங்கவுடறேன். சைனைடு போச்சுன்னா தாள் மஞ்சளாவே இருக்கணும். போகலைன்னா பழுப்பாயிடும். ஒவ்வொரு தடவையும் செங்கல் கலர்ல பழுப்பாவுது. நாலு மாசமா நான் பழுப்பைத் தவிர ஒண்ணும் பாக்கல.

மே 20 கமிட்டி. எனக்கு ஆறாவது வருஷம். அன்னிக்கி இந்தப் புரோட்டீன் இன்னா பண்ணுதுன்னு காட்டலைன்னா பதிவை ரத்து பண்ணிடுவாங்க, என் கைடு மமதா மேடம் தெளிவா சொல்லிட்டாங்க. பி.எச்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆறு வருஷம் டிரெயின்ல போய்ட்டு வந்தேன், அவ்ளோதான் மிச்சம்.

கமிட்டியில ஒரு கெமிஸ்ட்ரி சார் இருக்காரு. கம்ப்யூட்டர் சொல்றதெல்லாம் ஜோசியம்னுவாரு. உன் மிஷின் எப்படி சொந்தத்தைக் கண்டுபுடிக்குதுன்னு அவருக்கு நான் சொல்லியாவணும். அம்மாவுக்குப் புரியற மாதிரி எழுது. ஸ்கோர், கிராஃப் எதுவும் அனுப்பாத.

நிலா

*

ட்ரெஸ்டன்
6 மார்ச் 2025

அக்கா,

முதல்ல ஸாரி. லட்டு வரைக்கும் போகும்னு நான் நினைக்கல. குரூப்ல போட்டது ஒரு சந்தோஷத்துல போட்டது, சும்மா போட்டது. அம்மாவைப் பத்தித் தெரிஞ்சும் போட்டேன் பாரு, அது என் தப்பு.

சரி, விஷயத்துக்கு வரேன். புரோட்டீன்னா இருபது வகை எழுத்துல கோத்த நீளமான மாலை. ரெண்டு மாலை சொந்தமான்னு பாக்க இத்தனை நாளா என்ன பண்ணாங்க? பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகுதான்னு எண்ணினாங்க. நெருங்கின சொந்தத்துக்கு அது போதும். ஆனா கோடிக்கணக்கான வருஷம் போனா எழுத்தெல்லாம் மாறிடும். நூத்துக்கு இருபதுக்குக் கீழ இறங்கிட்டா சொந்தக்காரனையும் வழிப்போக்கனையும் பிரிக்க முடியாது. உன்னோடது நூத்துக்குப் பன்னெண்டுதான். அதனாலதான் உனக்கு எங்க தேடியும் ஒண்ணும் மாட்டல.

நான் ஓட்டறது மொழி மாடல்னு ஒரு ப்ரோக்ராம், அது கோடிக்கணக்கான புரோட்டீனை வாசிச்சிருக்கு. வாசிக்கும்போது நடுவுல சில எழுத்தை மறைச்சுடுவாங்க. அங்க என்ன வரும்னு அது ஊகிக்கணும், தப்பா சொன்னா திருத்துவாங்க. இப்படியே படிச்சுப் படிச்சு, ஒரு எழுத்து யார் யார் நடுவுல நிக்குது, அந்த இடத்துல வேற எது வந்து நிக்கலாம், எது வரவே கூடாதுன்னு அதுக்கே ஒரு பழக்கம் வந்துடுச்சு. ஒவ்வொரு எழுத்தையும் அது ஒரு பெரிய எண் வரிசையா மாத்திக் குடுக்கும். நான் எழுத்தை எழுத்தோட ஒப்பிடல, அந்த எண் வரிசைங்களை ஒப்பிடறேன். எழுத்து மாறியிருந்தாலும் அந்த இடத்தோட குணம் அப்படியே இருந்தா அதுல தெரிஞ்சுடும்.

அம்மாவுக்குப் புரியணும்னா இப்படி சொல்லு. கல்யாண வீட்ல யாரோ ஒரு பையனைப் பாத்து, "நீ பூதிகோட்டை சுப்பிரமணி வூட்டுப் புள்ளதான?"ன்னு கேப்பாங்கல்ல? மூக்கும் வேற, நிறமும் வேற. அவன் உக்கார்ற விதம், சோத்தைப் பிசையற விதம், யார் பக்கத்துல போய் நிக்கறான், அதையெல்லாம் சேத்து வச்சுத்தான் கண்டுபுடிக்கறாங்க. எப்படின்னு கேட்டா அவங்களுக்கே சொல்லத் தெரியாது. மாடலும் அப்படித்தான்.

கமிட்டிக்கு வேணும்னா ரெண்டு விவரம். அந்தக் குடும்பத்துல மூணு எழுத்துதான் வேலை செய்யற எழுத்து, மூணும் சேந்துதான் சைனைடை உடைக்கும். உன்னோடதுல ரெண்டு சரியான இடத்துல இருக்கு, மூணாவது இல்ல. வேற எங்கயாவது நகர்ந்து போயிருக்கும்னு நினைக்கறேன், தூரத்துச் சொந்தத்துல அது நடக்கும். அப்புறம் உன்னோட முதல் எழுத்தே அவங்களோட ஐம்பத்தொன்பதாவது இடத்துலதான் போய் ஒட்டுது. அவங்களுக்கு முன்னாடி ஐம்பத்தெட்டு எழுத்து இருக்கு, உனக்கு இல்ல. இதுவும் வழக்கமா பாக்கறதுதான். ஓரம் எப்பவும் பிஞ்சுதான் இருக்கும், நாங்க கண்டுக்கறதில்ல.

நைனாவைக் கேட்டேன்னு சொல்லு. பிளாக்கை எடுத்துடு அக்கா, ப்ளீஸ்.

மகிழன்

*

ஊரிகம்
19 மார்ச் 2025

மகிழா,

இன்னிக்கியும் பழுப்பு. புரோட்டீனை ரெண்டு மடங்கு போட்டேன், பழுப்பு. சூட்டைக் குறைச்சேன், பழுப்பு. உப்பை மாத்தினேன். எவ்ளோ பழுப்பு வேணும் உனக்கு? மேடம் ஒவ்வொரு தாளையும் கவர்ல போட்டு தேதி எழுதி வைக்கச் சொல்றாங்க. கட்டுக் கட்டா வச்சுகினு கீறேன். அத்தப் பாக்கறப்பெல்லாம் எடுத்துக் கொளுத்தணும்னு தோணுது.

உன் கல்யாண வூட்டுக் கதையைப் படிச்சேன். நல்லாத்தான் சொன்ன. ஆனா நாம போன பூதிகோட்டைக் கல்யாணத்துல நடந்தது உனக்கு மறந்துபோச்சா? அம்மா ஒருத்தனைப் புடிச்சு, நீ பழனியம்மா பேரன்தானன்னு கன்னத்தைக் கிள்ளி, முதல் பந்தியில உக்கார வச்சு, ரெண்டாவது தடவை பாயசம் ஊத்தினாங்களே. கடைசியில அவன் யாரு? ஷாமியானா கட்ட வந்தவன். அவனும் ஒண்ணும் சொல்லாம சாப்ட்டுப் போய்ட்டான். உன் மிஷினும் எவனோ ஷாமியானாக்காரனைப் புடிச்சு உக்கார வச்சிருக்குது, நான் நாலு மாசமா அவனுக்குப் பாயசம் ஊத்திகினு கீறேன்!

அதுக்கு மேல நான் படிக்கல. உன் விவரமெல்லாம் யாருக்கு வேணும்? எனக்கு மஞ்சத் தாள் வேணும், அத்தக் குடுக்க முடியுமா உன்னால?

நேத்து மமதா மேடம் கூப்ட்டு உக்கார வச்சாங்க. அவங்க உக்காரச் சொன்னாலே ஏதோ கெட்ட சேதின்னு அர்த்தம். "நிலா, வேற ஏதாவது வேலை பாத்து வச்சுக்கோம்மா"ன்னாங்க. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். பாவமா பாத்தாங்க. திரும்பி வர்ற வண்டியில பங்காருபேட்டை தாண்டற வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்துகினு வந்தேன், யாரும் மூஞ்சியைப் பாக்கக் கூடாதுன்னு.

உனக்கு இன்னா, அங்க உக்காந்து ஒரு பட்டனைத் தட்டற, சொந்தம்னு வருது, குரூப்ல போடற. இங்க கையைச் சுட்டுகினு நிக்கறது நான். ஆமா, ஜெர்மனி போனதுக்கப்புறம் 'என்ன' 'என்ன'ன்னு எழுத ஆரம்பிச்சிட்ட. 'இன்னா'ன்னு எழுதினா வெக்கமா கீதா?

நிலா

*

ட்ரெஸ்டன்
24 மார்ச் 2025

அக்கா,

இன்னாதான் நினைச்சுகினு இருக்க நீ? இப்ப சந்தோஷமா?

பட்டனைத் தட்டறேனா? உன் வேலையை என் வேலை நேரத்துல பண்ண முடியாது. இங்க என் பாஸ் தெரிஞ்சா, அந்த மண்ணு பாக்டீரியாவை விட்டுட்டு வந்த வேலையைப் பாருன்னுவாரு. ஒரு தடவை சொல்லவும் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமைங்களைத்தான் உனக்குக் குடுத்தேன். அத்த நான் சொல்லிக் காட்டல, நீ பட்டன்னதால சொல்றேன்.

ஷாமியானாக்காரனுக்கு வரேன். அந்த சந்தேகம் எனக்கும் இருந்துச்சு. உன் புரோட்டீனோட எழுத்துங்களையே எடுத்துக் கலைச்சுப்போட்டு ஆயிரம் போலி செஞ்சேன். அதே எழுத்து, அதே நீளம், வரிசை மட்டும் வேற. எல்லாத்தையும் மாடல்கிட்ட குடுத்தேன். ஒண்ணைக்கூட அது சொந்தம்னு சொல்லல. உன்னோடதை மட்டும்தான் சொல்லுது. அம்மா ஒரு தடவை ஏமாந்தாங்க, சரி. இது ஆயிரம் தடவையில ஏமாறல.

ஆனா ஒண்ணை நான் உங்கிட்ட மறைச்சேன். ஸ்கோர் ஓரத்துலதான் இருந்துச்சு. ஆமான்னும் சொல்லலாம், இன்னும் பாக்கணும்னும் சொல்லலாம், அந்த மாதிரி இடம். அன்னிக்கி நீ போன்ல அழுத. ரெண்டு வருஷமா ஒண்ணும் கிடைக்காம இருந்து முதல் தடவையா ஒரு பேரு கிடைச்சுதுன்னு அழுத. அப்ப போய் "இரு அக்கா, ஓரத்துல இருக்கு"ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லியிருக்கணும். அந்தக் கோவத்தை நீ என் மேல காட்டு, நியாயம்.

ஆனா நீ என் மெயிலைப் பாதியில மூடறது நியாயம் இல்ல. ஸ்கூல்ல இருந்தே இப்படித்தான். நான் எழுதின கட்டுரையைக் குடுத்தா முதல் பாராவைப் படிச்சிட்டு "நல்லா கீது, போ"ன்னு திருப்பிக் குடுப்ப. இன்னும் அதேதான் பண்ற. நான் எழுதறதைக் கடைசி வரி வரைக்கும் படிக்காதவகிட்ட இனிமே எழுதி இன்னா ஆவப்போவுது?

இனிமே எழுதல.

மகிழன்

*

ஊரிகம்
14 ஏப்ரல் 2025

மகிழா,

இன்னிக்கி ஜெயந்தி. வெளிய ஊர்வலம், நீலக் கொடி, மேளம், நம்ம லைன்ல இருக்கறவங்க எல்லாம் வெள்ளைப் புடவை. அம்மா நாலு தடவை வந்து கூப்ட்டுட்டுப் போய்ட்டாங்க. நான் கதவைச் சாத்திகினு லாப்டாப் முன்னாடி உக்காந்து கீறேன்.

உண்மையைச் சொல்றேன். உன் மெயில் வந்ததுல இருந்து உனக்குப் பதில் எழுதணும்னு எழுதி எழுதி அழிச்சேன். உன்னை நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு இருந்துச்சு. அதுக்காக உன் பழைய மெயிலை எடுத்தேன், நீ சொன்னதுல எது எது தப்புன்னு வரிவரியா அடிச்சுக் காட்டலாம்னு. மார்ச் ஆறாம் தேதி எழுதின மெயிலைக் கடைசி வரைக்கும் படிச்சேன். ஆமாண்டா, இன்னிக்கித்தான் முழுசாப் படிச்சேன்.

"அவங்களுக்கு முன்னாடி ஐம்பத்தெட்டு எழுத்து இருக்கு, உனக்கு இல்ல."

படுபாவி! அது இல்லைன்னா இல்லவே இல்லைன்னு அர்த்தமாடா? நான் உனக்கு அனுப்பினது புரோட்டீன் வரிசை மட்டும். அந்த ஜீன் எங்க தொடங்குதுன்னு நான் பாத்து முடிவு பண்ணல, சாப்ட்வேர் முடிவு பண்ணுச்சு. பாக்டீரியாவுல ஜீன் வழக்கமா ஒரு குறியிலதான் தொடங்கும். சில சமயம், ரொம்பக் கொஞ்சமா, வேற குறியிலயும் தொடங்கும். சாப்ட்வேர் அந்த வழக்கமான குறியைப் பாத்ததும் இதான் தொடக்கம்னு நின்னுடுச்சு. நான் அப்படியே எடுத்துகினு வந்து உனக்கும் அனுப்பினேன், அதையேதான் செஞ்சும் பாத்துகினு கீறேன்.

இன்னிக்கி ஜீனுக்கு முன்னாடி இருக்கற டி.என்.ஏ.வைத் திறந்து பின்னாடி பின்னாடி போனேன். நடுவுல நிறுத்தக் குறி எதுவுமே இல்ல. போய்கினே கீது. கடைசியில அந்த அபூர்வமான குறி உக்காந்து கீது. அங்க இருந்து எண்ணினா ஐம்பத்தெட்டு எழுத்து. அப்படியே ஐம்பத்தெட்டு. உன் மூணாவது எழுத்து எங்கயும் நகர்ந்து போகலடா. நாம வெட்டிப்போட்ட துண்டுல இருக்குது. மூணு பேர் சேந்து பண்ற வேலையை நான் அஞ்சு மாசமா ரெண்டு பேரை வச்சு வாங்கிகினு இருந்தேன். பழுப்பாவாம இன்னா ஆவும்?

நீ மார்ச்லயாவது "அக்கா, முன்னாடி ஏதோ காணோம், போய்ப் பாரு"ன்னு ஒரு வார்த்தை தனியா கத்தி சொல்லியிருக்கலாம்ல? ஓரம் பிஞ்சிருக்கும், கண்டுக்கறதில்லையாம்! என் ஆறு வருஷம்டா அது.

முழு வரிசையையும் இதோட அனுப்பி இருக்கேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காத.

நிலா

*

ட்ரெஸ்டன்
15 ஏப்ரல் 2025

அக்கா,

பாஸ் ரூமுக்கு எதிர்லயே உக்காந்து ஓட்டினேன். பாத்தா பாக்கட்டும்.

இப்ப ஓரத்துல இல்ல. நல்லா உள்ள வந்துடுச்சு. மூணு எழுத்தும் மூணு இடத்துலயும் கச்சிதமா உக்காருது. முதல் எழுத்து முதல் எழுத்தோட ஒட்டுது. ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தேன், நம்பிக்கை வராம.

கத்தி சொல்லியிருக்கலாம்லன்னு கேட்ட. எழுதித்தான் இருந்தேன் அக்கா, நீதான் படிக்கல. இப்படி எழுதிட்டு அரை மணி நேரம் அந்த வரியையே பாத்துகினு இருந்தேன். எழுதினேன், சரி. ஆனா கடைசியில, போற போக்குல, வழக்கம்தான்னு சேத்து எழுதினேன். நாங்க பாக்கற ஆயிரம் ஜோடியில எல்லாத்துக்கும் ஓரம் பிஞ்சுதான் இருக்கும். அதனால எதையும் நான் திரும்பிப் பாக்கறதில்ல. ஜீன் வரிசையைக் குடுன்னு உங்கிட்ட ஒரு தடவை கேட்டிருந்தா நவம்பர்லயே முடிஞ்சிருக்கும். எனக்குப் புரோட்டீன்தான் கண்ணுக்குத் தெரியுது, அது எங்க இருந்து வருதுன்னு கேக்கத் தோணவே இல்ல. உனக்கு நீ செஞ்ச புரோட்டீன் கையில இருந்துச்சு, அதுவே முழுசுன்னு நினைச்சுட்ட. ரெண்டு பேரும் லூசுங்க.

மே 20-க்குள்ள புதுசா செஞ்சு முடிக்க முடியுமா? நான் என்ன பண்ணட்டும் சொல்லு. கமிட்டிக்கு எழுதட்டுமா?

மகிழன்

*

ஊரிகம்
9 மே 2025

மகிழா,

நீ ஒண்ணும் எழுத வேணாம். எழுதினா தம்பி சிபாரிசுன்னுவாங்க.

முழு ஜீனையும் வெட்டி எடுத்து லேப் பாக்டீரியாவுக்குள்ள ஒட்டிட்டேன். நல்லா வளருது. ஆனா புரோட்டீன் முழுக்க கட்டிகட்டியா திரண்டு அடியில போய் உக்காந்துகுது. தயிர் திரிஞ்ச மாதிரி. துண்டா இருந்தப்ப ஒழுங்கா கரைஞ்சுது சனியன், முழுசானதும் கரைய மாட்டேன்னு அடம் புடிக்குது. கரையாத புரோட்டீனை வச்சுகினு நான் இன்னா டெஸ்ட் பண்றது? மூணு தடவை ஆச்சு. மேடம் குளிர்ல வச்சு மெதுவா வளர்த்துப் பாருன்னாங்க. அப்படி வச்சா ஒவ்வொரு தடவைக்கும் கூடுதலா நாள் புடிக்கும், நாள் எங்க கீது?

வண்டியில இன்னிக்கி சீட் கிடைக்கல. வொயிட்ஃபீல்டு வரைக்கும் நின்னுகினே வந்தேன், கண்ணு சொருகுது. சம்பங்கி அக்கா எழுந்து இடம் குடுத்தாங்க. மேடு எப்ப போவும்னு இன்னிக்கிக் கேக்கல. என் மூஞ்சியைப் பாத்துட்டு கேக்காம விட்டாங்க போல. அதுவும் எரிச்சலாத்தான் இருந்துச்சு.

இதுவும் வரலைன்னா நான் அழமாட்டேன். ஆனா அம்மாகிட்ட நீதான் சொல்லணும். லட்டுக்குக் காரணம் நீ, இத்தயும் நீயே சொல்லு.

நிலா

*

ட்ரெஸ்டன்
11 மே 2025

அக்கா,

அம்மாகிட்ட நானே சொல்றேன். அது என் பொறுப்பு. ஆனா இன்னும் சொல்ல வேண்டியது வரல.

நாளைக்கு புத்த பூர்ணிமா. விகாரைக்குப் போ. ரெண்டு மணி நேரம் அந்த டியூபைப் பாக்காம இருந்தா அது ஓடிப்போயிடாது. அறிவுரை சொல்றேன்னு திட்டாத, மூணு வருஷமா வீட்டுக்கு வர முடியாம இங்க உக்காந்துகினு இதான் எனக்கு சொல்ல முடியுது.

நீ குளிர்ல வை. மேடம் சொல்றது சரி.

மகிழன்

*

ஊரிகம்
21 மே 2025

மகிழா,

நேத்து கமிட்டி. முடிஞ்சுபோச்சு. வரிசையா சொல்றேன், நடுவுல கேள்வி கேட்டுக்காத, கேட்டாலும் எனக்குக் கேக்காது.

குளிர்ல வச்சது கரைஞ்சுது. முழுசா இல்ல, கொஞ்சூண்டு. ஒரே ஒரு டெஸ்ட்டுக்குத்தான் வரும். ஞாயித்துக்கிழமை லேப்ல யாரும் இல்ல. பக்கத்துலயே புரோட்டீன் போடாத டியூபும் வச்சேன். ரெண்டுலயும் மஞ்சத் தாளைத் தொங்கவுட்டு உக்காந்தேன். புரோட்டீன் போடாததுல பழுப்பு ஏறுச்சு. போட்டதுல ஒண்ணும் ஆவல. காத்துகினு கீறேன், ஒண்ணும் ஆவல. எனக்கு சந்தோஷமே வரலடா, பயம்தான் வந்துச்சு. பழுப்பைப் பாத்துப் பாத்து, இப்ப ஒண்ணுமே நடக்கலைன்னா எதையோ போட மறந்துட்டேன்னுதான் தோணுது. தாள் மஞ்சளாவே இருந்துச்சு.

அந்த ஒரே ஒரு மஞ்சத் தாளை எடுத்துகினு கமிட்டிக்குப் போனேன். பையில அத்தனை பழுப்புத் தாளையும் போட்டுகினேன். எதுக்குன்னா, வெளிய போன்னு சொல்லிட்டாங்கன்னா மேடம் மேஜை மேல கொட்டிட்டு வந்துடணும்னு இருந்தேன். அவ்ளோ கடுப்பு.

நான் சொல்லி முடிச்சேன். உன் மாடலை, நீ எழுதின மாதிரியே, கல்யாண வூட்டை மட்டும் விட்டுட்டு சொன்னேன். கலைச்சுப்போட்ட ஆயிரம் போலியைச் சொன்னப்ப ஒருத்தர் தலையாட்டினாரு. அப்புறம் மஞ்சத் தாளைக் காட்டினேன். கெமிஸ்ட்ரி சார் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்தாரு. "ஏம்மா, இதுல ஒண்ணுமே நடக்கலையே"ன்னாரு. நடக்கக் கூடாதுங்க சார், அதான் ரிசல்ட்னேன். "எந்தப் புரோட்டீனைக் கொட்டினாலும் கொஞ்சம் சைனைடு அதுல ஒட்டிக்கும். உன்னோடதுதான் உடைச்சுதுன்னு எப்படிச் சொல்ற? ஒரே ஒரு தாளை வச்சுகிட்டு பட்டம் கேக்கறியா?"ன்னாரு. மேடம் கீழ குனிஞ்சுட்டாங்க.

எனக்கு அந்த தைரியம் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. பையைத் திறந்தேன். பழுப்புத் தாளுங்களை ஒவ்வொண்ணா எடுத்து அந்த நீட்டு மேஜை மேல வரிசையா வச்சேன். நவம்பர், டிசம்பர், ஜனவரின்னு வச்சுகினே போனேன். மேஜையோட அந்தக் கடைசி வரைக்கும் போச்சு. ஒருத்தரு டீ கப்பை எடுத்து இடம் விட்டாரு. "சார், இது எல்லாம் அதே புரோட்டீன்தான். முன்னாடி ஐம்பத்தெட்டு எழுத்து இல்லாதது. அதே அளவு போட்டேன், ரெண்டு மடங்குகூட போட்டேன். சும்மா ஒட்டிக்கறதா இருந்தா இதுலயும் ஒட்டிகினு இருக்கணும்ல? ஒரு தடவைகூட ஒட்டலையே. அந்த ஐம்பத்தெட்டு வந்து சேந்ததுக்கப்புறம்தான் மஞ்சளா நிக்குது"ன்னேன்.

சார் எழுந்து மேஜையைச் சுத்தி நடந்து எல்லாக் கவர்லயும் தேதியைப் படிச்சாரு. அப்புறம் மேடம் பக்கம் திரும்பி, "இவ்ளோ ஒழுங்கா தோத்த பொண்ணை நான் பாத்ததில்ல"ன்னாரு. மேடம் அப்பத்தான் நிமிர்ந்தாங்க.

கொளுத்தணும்னு இருந்தேனே மகிழா. அந்தக் குப்பைதான் என்னைக் காப்பாத்துச்சு.

ஆறு மாசம் குடுத்திருக்காங்க. ரொம்ப சந்தோஷப்படாத, அதுக்கு மேல ஒரு நாள்கூட கிடையாதாம். அந்த மூணாவது எழுத்தை மட்டும் மாத்தி, மத்ததெல்லாம் அப்படியே வச்சு, திரும்பவும் பழுப்பாவுதான்னு காட்டணும். சார் கம்ப்யூட்டரை இன்னும் ஜோசியம்னுதான் சொல்றாரு. ஆனா அந்த ஜோசியக்காரன் யாருன்னு கேட்டாரு. என் தம்பின்னு சொன்னேன். பேப்பர்ல உன் பேர் ரெண்டாவதா வரும். ஐம்பத்தெட்டு எழுத்தைப் பத்தின பாராவை நீதான் எழுதணும். கடைசி வரியில போடாத, முதல் வரியிலயே போடு.

இன்னிக்கி சாயங்காலம் ஸ்டேஷன்ல இறங்கினா சம்பங்கி அக்கா கூட வந்தாங்க. நானே சொன்னேன், "அக்கா, மேடு போவாது. எங்கிட்ட இருக்கறது ஒரு டியூபு. அதுல ஒரு சொட்டு சைனைடு போச்சு, அவ்ளோதான்." அவங்க "ஒரு சொட்டு போச்சுல்ல"ன்னாங்க. அப்புறம் துணி எடுக்கணும்னு வேகமா போய்ட்டாங்க. அம்மாகிட்ட லட்டு வேணாம்னு சொல்லிட்டேன். இப்ப அடுப்படியில கேசரி வாசனை வருது, நான் போய்ப் பாக்கல.

நீ என்னை ஒண்ணு கேட்டியே, கடைசி வரி வரைக்கும் படிக்கறதில்லைன்னு. இப்ப உனக்கு ஒரு சோதனை. இதான் கடைசி வரி: பிளாக்கை எடுத்துட்டேன், ஞாயித்துக்கிழமை கூப்புடு, முதல் பத்து நிமிஷம் நான் கத்துவேன், நீ குறுக்க பேசாத.

நிலா